மாடல் என்ற கட்டம்

கெமி நகரத்து வாகனச் சோதனைக் கூடத்தில்
பதினெட்டு வருடமாக நான் பள்ளத்து ஆள்.
தலைக்கு மேல் வண்டி, கையில் டார்ச்.
கார்களின் அடிவயிறு பார்த்துப் பார்த்து
மனிதர்களையும் முழங்காலுக்குக் கீழேதான்
அடையாளம் தெரிகிறது.
ஐமோவுக்கு இடது பூட்ஸில் மட்டும் நீலக் கயிறு.

முதல் வருடம் அவன் கொண்டுவந்தது
சாம்பல் நிறச் செடான்.
வாத்தியார்கள் வாங்குகிற வண்டி.
நூறைத் தொடுவதற்குள்
நிதானமாக ஒரு கொட்டாவி விடலாம்.
மறு வருடம் ஸ்பிரிங் மாறியிருந்தது.
அதற்கு மறு வருடம் சைலன்சர்,
அப்புறம் டர்போ,
அப்புறம் டர்போவைத் தாங்க ஒரு ரேடியேட்டர்,
ரேடியேட்டர் இடிக்கிறதென்று
பம்பருக்குள் ரம்பம் போட்ட தடம்.

அதே கம்பெனி, அதே வருடம், அதே கூடு,
பின்பக்கம் ஒரு சிவப்பு எழுத்து மட்டும் கூடுதல்:
அது பல் மருத்துவர் மார்கெத்தாவிடம் இருந்தது.
ஒரே கையெழுத்தில் வாங்கினாள்.
முந்நூறு குதிரை.
அத்தனையையும் கூட்டிக்கொண்டு
நாற்பதில் போவாள் சூப்பர்மார்க்கெட்டுக்கு,
பக்கத்து ஸீட்டில் நாய்.

ஐமோவின் கணக்கு நோட்டை ஒருமுறை எட்டிப் பார்த்தேன்.
சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்:
ஸ்பிரிங் எண்ணூறு, அதைப் பூட்ட வாங்கிய கருவி நானூறு,
தவறாகப் பூட்டியதால் இன்னொரு ஸ்பிரிங்.
அடிக்கோட்டுக்குக் கீழே மொத்தம்.
சிவப்பு எழுத்து வண்டியின் விலையை
முந்நூற்று நாற்பது யூரோ தாண்டியிருந்தது.
"பார்த்தாயா" என்றேன்.
"எனக்கும் கூட்டத் தெரியும்" என்றான்.

அந்த வருடம் அவனை ஃபெயிலாக்கினேன்.
எஞ்சினுக்குத் தீனி, பிரேக்குக்குப் பட்டினி.
இடது முன்சக்கரம்
நிற்கச் சொன்னால் யோசித்தது.

நவம்பரில், தோர்னியோ சாலையில்,
முந்நூறு குதிரையை ஒரே ஓர் எல்க் மான் நிறுத்தியது.
நாய்க்கு ஒன்றுமில்லை.
மார்கெத்தாவுக்கு மணிக்கட்டில் கட்டு.
வண்டி பள்ளத்துப் பாறையில் உட்கார்ந்துவிட்டது.
இன்ஷூரன்ஸ்காரர்கள் கைகழுவியதை
ஐமோ டிரெய்லரில் ஏற்றி வந்தான்.

குளிர்காலம் முழுக்க அவன் கராஜில் விளக்கு.
மைனஸ் இருபத்தாறிலும் அணையவில்லை
என்று கடையில் பேசிக்கொண்டார்கள்.

ஏப்ரலில் நீலக் கயிறு வந்து நின்றது.
டார்ச்சை உயர்த்தினேன்.
பிரேக், ஆக்சில், ஸ்டியரிங்,
துடைத்துப் படித்த பாக எண் எல்லாம் சிவப்பு எழுத்தின் வம்சம்.
மேலே ஏறி பானெட் திறந்தால்
எஞ்சினும் அவளுடையது.
வெளியே மட்டும் சாம்பல் நிறம், வாத்தியார் முகம்.
ரோலரில் நான்கு சக்கரமும்
சொன்ன சொல்லுக்கு நின்றன.

படிவத்தில் ஒரு கட்டம்: மாடல்.
விரல் பருமன்கூட இல்லாத இடம்.
விதிப் புத்தகத்தைப் புரட்டினேன்,
காபி குடித்தேன், மறுபடி புரட்டினேன்.

அப்போது நீலக் கயிற்றுக்குப் பக்கத்தில்
நாய் மயிர் ஒட்டிய பழுப்பு ஷூ ஒரு ஜோடி.
புது மின்சாரக் காருக்கு ஏதோ காகிதம் வாங்க வந்திருந்தாள்.
முன்கதவைத் திறந்து
ஸீட்டின் ஓரக் கிழிசலில் விரலை விட்டாள்.
"இது என் நாய் கடித்தது."
"தெரியும். தைக்கவில்லை" என்றான்.
கொஞ்ச நேரம் இருவரும் மழைத்தண்ணீரைப் பார்த்தார்கள்.
"ஒரு சுற்று ஓட்டட்டுமா?"

சாவி கை மாறியதை ஜன்னல் வழியே பார்த்தேன்.
உறுமல் அவளுக்குப் பழகியது; சிரித்தாள்.
இரண்டடி போயிருக்கும். ஒரு துள்ளல். நின்றுவிட்டது.
"கியர்பாக்ஸ் பாறையில் போய்விட்டது,
கிளட்சும் அதுவும் பழசுதான்!"
ஐமோ கத்திக்கொண்டே ஓடினான்.
"மெதுவாக விடு. வாத்தியார் வண்டி."

கட்டத்துக்கு மேல் பேனா நிற்கிறது.
வரிசையில் மூன்றாவதாக நின்ற
மீன் லாரிக்காரர்
ஹாரனில் கையை வைத்தார்.