வஸ்திக்கு ஒரு குண்டூசி

மாண்ட்ரியல். சலவைக்கடைக்கு மேல்மாடி.
நாற்பது நாற்காலி, பதினொரு பேர்,
அதில் ஒருவர் குளிருக்கு ஒதுங்கியவர்.

பெரல்மட்டரின் கிரீடத்தில் சோடா மூடிகள்.
அரசன் அழைத்தும் வராத வஸ்தியாக
முப்பது வருஷமாக
வந்துகொண்டிருக்கிறான்.

விளக்குப் போடுவது நான்.
வீட்டில் அணைப்பதும் நானே.

சின்னக் குருவி என்று யித்திஷில் கூவித்தான்
பள்ளிப் படிக்கட்டில் உருட்டிவிட்டார்கள்.
அந்தச் சொல்லுக்கே மெட்டுப் போட்டான்.
அக்கார்டியனில் ஒரு கட்டை ஊமை,
பாட்டு அங்கே மூச்சு வாங்கும்.
உத்தி என்று எழுதினார் ஒரு விமர்சகர்.

நாடகங்கள் ஒன்பது. அச்சேறியது ஒன்று,
அட்டையில் பெயர் பிழை.

அவன் அப்பா ஒரே ஒரு முறை வந்தார்,
கோட்டைக் கழற்றாமல், கடைசி வரிசையில்.
இடைவேளைக்குப் பின் நாற்காலி காலி.
எல்லாம் முடிந்து இறங்கினால்
சுழலும் சலவை இயந்திரங்களுக்கு நடுவே
நிற்கிறார் தையல்காரர்.
"ராணிக்கு முதுகில் கொக்கி விட்டிருக்கிறது.
திரும்பு."
கோட்டு மடிப்பிலிருந்து
ஒரு குண்டூசி.

அடுத்த வாரம் ஒன்பது பேர்.
ஜெபத்துக்குத்தான் பத்துப் பேர் வேண்டும்,
நீ விளக்கைப் போடு என்றான்.