நான்கு துளைகள்

ருமைதியாவில் எங்கள் வீட்டு எண்
எனக்கு நினைவில்லை.
அதைக் கழற்றியபோது
டார்ச் பிடித்தது நான்தான்.

அதற்கு முன்பே வேறொன்றைக் கழற்றியிருந்தார் அப்பா.
ஆகஸ்ட் மூன்று, வெள்ளிக்கிழமை.
கூட்டுறவுக் கடைப் பக்கம்
டாங்கிகள் தார்ச்சாலையைக் கடித்துத் திரும்பும் சத்தம்.
படுக்கையறை நிலையில், காலண்டருக்குப் பின்னால்
எப்போதும் சாய்ந்தே நிற்கும் விரல்நீளக் கூடு.
உள்ளே சுருட்டிய தோலில்
கடவுள் ஒருவர் என்று எழுதியிருக்கும்.
அதைப் பால்பவுடர் டின்னில் புதைத்தார்.
கையை உதறிவிட்டு
என்னைக் கேட்டார்:
எந்த ஊர்?
இந்தியா.
என்ன மதம்?
இந்தியா.
பெயர்?
சிபோரா என்று வாயெடுத்தேன்.
சுபா, என்றாள் அம்மா.

பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸில்
நாங்கள் பம்பாய்க்காரர்கள்.
பம்பாயில் மதராசிகள்.
குவைத்தில் ஹிந்தி.
யூதர் என்று எங்களைச் சொன்னவர்
அப்பா ஒருவர்தான்.
அதுவும் வெள்ளி மாலை,
குழாயைத் திறந்துவிட்டு.

எட்டாம் நாள் இரவு
பெரிய வீட்டு சபீக்கா பின்கதவைத் தட்டினாள்.
ஸ்க்ரூடிரைவர் இருக்கிறதா, நட்சத்திர முனை?
எதற்கு என்று அப்பா கேட்கவில்லை.
செருப்பை மாட்டிக்கொண்டு அவரே போனார்.
அவள் அண்ணன் ஜர்ராஹ் ஏணியைப் பிடிக்க
தெருப்பெயர், பிளாக் எண், வீட்டு எண்
ஒவ்வொன்றாக இறங்கி என் பள்ளிப் பைக்குள் விழுந்தன.
மொட்டைமாடிகளில் இறைவனைக் கூவி அழைத்துக்கொண்டிருந்தார்கள்.
சஃபூரா, வெளிச்சத்தைத் தாழ்த்து, என்றாள் சபீக்கா.
என் பெயர் அவர்கள் வேதக்கதையிலும் உண்டாம்.
சுபா ஆகச் சொல்லி
அவள் கேட்டதே இல்லை.

முகவரி இல்லாமல் விடிந்தது ருமைதியா.
உள்ளே நிலையில் இரண்டு துளை.
வெளியே சுவரில் இரண்டு துளை.
ஒன்று பயந்து கழற்றியது,
மற்றது அப்படியல்ல.
சுண்டுவிரலை விட்டுப் பார்த்தேன்.
அளவு ஒன்றாகத்தான் இருந்தது.

ரொட்டி வரிசையில் ஒரு சிப்பாய்.
பூட்ஸ் இல்லை, ரப்பர் செருப்பு.
மீசை இப்போதுதான் யோசித்துக்கொண்டிருந்தது.
தாளைப் பார்த்து ஜர்ராஹின் பெயரை வாசித்தான்.
எந்த வீடு?
எனக்கு அரபு நன்றாகத் தெரியும்.
ஆனால் வாயில் வந்தது பெரம்பூர்:
"எனக்கென்ன தெரியும், நான் ரொட்டிக்கு நிக்கிறேன்."
ஹிந்தி, ஹிந்தி, என்று சிரித்துக் கையசைத்தான்.
வீடு வந்து பார்த்தால்
ஆறு ரொட்டியும் என் பிடியில் ஒரே உருண்டை.

இதோடு முடித்திருக்கலாம்.
முடியவில்லை.
பதினோரு நாள் கழித்து ஜர்ராஹை
அவன் வாசலுக்கே கொண்டுவந்தார்கள்.
எண் இல்லாத வீட்டை
யாரோ விரலால் காட்டியிருக்கிறார்கள்.
அம்மா என் காதைப் பொத்தினாள்,
கொஞ்சம் தாமதமாக.

மறுநாள் சபீக்கா
ஸ்க்ரூடிரைவரைத் திருப்பித் தந்தாள்.
துடைத்து, துணியில் சுற்றி.

பஸ்ரா தாண்டி ஒரு சோதனைச் சாவடி.
டின்னைத் திறந்து
மணிக்கட்டுவரை கையை விட்டான் ஒருவன்.
கடவுள் இன்னும் ஆழத்தில் இருந்தார்.
வெள்ளை விரல்களை நக்கிக்கொண்டே
போ என்றான்.

பெரம்பூருக்கு நஷ்டஈட்டுப் படிவம் வந்தது.
இழந்தவை: ஃபிரிட்ஜ், தையல் மெஷின்,
ஒரு டட்சன் கார், பழையது.
குவைத் முகவரி: பகுதி, தெரு, வீட்டு எண்.
பதினான்கு வருடம் கடிதம் வாங்கிய எண்,
அப்பாவுக்குத் தூக்கத்திலும் தெரியும்.
பேனாவை மூடினார்.
எழுதுங்களேன், என்றாள் அம்மா.
"பாப்பா வெளிச்சம் காட்ட, நானே கழற்றினது."

அந்தக் கட்டம்
காலியாகவே தபாலில் போனது.