ஐஸ் பாக்கி

மூன்று மாத பாக்கி. நாற்பத்தோராயிரத்து அறுநூறு.
முட்டம் கலங்கரை விளக்கத்துக்குக் கீழே
பெயர்ப்பலகை இல்லாத அந்தக் கதவை
பில் புத்தகத்தின் முனையால் தட்டினேன்.

உள்ளே எட்டு நாற்காலி. ஏழில் ஆட்கள்:
நாகர்கோவில் பல் டாக்டரும் மனைவியும்,
குலசேகரத்து ரப்பர்க்காரர்,
திருவனந்தபுரத்திலிருந்து நாலு பேர், மெதுவாகப் பேசுகிறவர்கள்.
"ஒருத்தர் வரல்ல. இருங்க" என்றான் ரெஜிலன்,
கத்தியிலிருந்து கண்ணெடுக்காமல்.
"நான் சாப்பிட வரல்ல."
"தெரியும். இருங்க."

தூத்தூர்க்காரன். பதினோரு வருஷம் ஒசாக்காவில்.
சோறு பிடித்துப் பழகவே மூன்று வருஷம் ஆச்சாம்.
மெனு கேட்டேன். இல்லை.
விலை கேட்டேன். சிரித்தான்.
ஒமகாசே என்றால்
'உம்ம பொறுப்பு' என்று விட்டுவிடுவதாம்.
கொளச்சலில் அதற்குப் பெயர் கடன்.

முதலில் கணவாய், தாளாகச் சீவி.
பிறகு விளமீன். பிறகு கேரையின் அடிவயிறு.
நான் பச்சை மீன் தின்றதில்லை.
இருபது வருஷமாய் அமோனியா குடியிருக்கும் மூக்கு
வாசனைகளை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும்.
நாக்கு மட்டும் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தது.
புளியில்லை, தேங்காயில்லை, மிளகாயில்லை.
மீன் தன் சொந்தப் பேரில் வந்திருந்தது.

பச்சைக் களிம்பு ஒன்று மண்டைக்குள் ஏறி
கண் வழியே இறங்கியது.
ரப்பர்க்காரர் கைக்குட்டை நீட்டினார்.
பாக்கி கேட்க வந்தவள் அழக்கூடாது;
வாங்கவில்லை.

அப்புறம்தான் பார்த்தேன், மீனுக்கு அடியில்.
நடுவில் வெள்ளை விழாத கண்ணாடி ஐஸ்.
காய்ச்சிய தண்ணீரில் ராத்திரியெல்லாம் காற்று ஊதி
மூன்று நாள் டின் டின்னாய்த் தோற்று
நாலாம் நாள் எடுத்தது,
இவன் கேட்டான் என்பதற்காக.
டாக்டர் மனைவி அதில் தன் மோதிரத்தைப் பார்த்தார்.
ஐஸை யாரும் பார்ப்பதில்லை.
நல்ல ஐஸின் லட்சணம் அது.
ரெஜிலன் உளியால் ஒரு மூலையைத் தட்டி
என் தண்ணீரில் போட்டான்.
"இது ஒன்பதாவது" என்றான்.

பதினொன்றாவது, சாளை.
கூடையோடு அள்ளுகிற, பூனைக்கும் எறிகிற சாளை.
உப்பும் காடியும் தொட்டு, தோலில் ரெண்டு கீறல்.
நாலு பேரும் போட்டோ எடுத்தார்கள்.
நான் வாயில் வைத்தேன்.
மடியிலிருந்து பில் புத்தகம் விழுந்தது.
விழுங்கும் வரை குனியவில்லை.

கடைசியில் முட்டை, கேக் மாதிரி இனிப்பாக.
ஏழு பேருக்கும் கவர் வந்தது, எனக்கு வரவில்லை.
"பாக்கி?" என்றேன், எழுந்து.
"அடுத்த மாசம் பாதி.
தெனமும் ஒரு நாற்காலி இப்படித்தான் காலியாக்கும்."
அப்போதும் கத்தியைத்தான் பார்த்தான்.

மண்டைக்காட்டில் ஸ்கூட்டரை நிறுத்தி
தெருவிளக்கில் புத்தகத்தை விரித்தேன்.
நாற்பத்தோராயிரத்து அறுநூறு அப்படியே நின்றது.
எதிரே, வரவுப் பக்கத்தில்
'சாளை 1' என்று எழுதிவிட்டு
ரூபாய்க் கட்டத்தில் என்ன போடுவதென்று தெரியாமல்
பேனாவை மூடினேன்.

காலையில் டெம்போ டெல்பின் கேட்டான்,
"முட்டத்துக்கு நிறுத்திரலாமாக்கா?"
"கண்ணாடி ரெண்டு பார் ஏத்து" என்றேன்.
"மறக்காம எழுதிக்கோ."