இன்னும் வராத காய்ச்சல்

லிங்கராஜபுரம் மேம்பாலத்தடியில் வண்டியை விட்டுவிட்டு
நடந்தே போனேன் பேங்குக்கு.
வாசலில் நிறுத்தினால்
வாசலிலேயே பிடுங்கிக்கொள்வார்களோ என்று பயம்.
மஞ்சள் பட்டை போட்ட ஈக்கோ.
பாதிக்கு மேல் இன்னும் அவர்களுடையதுதான்.

மூன்று மாதமாகப் போனில் இந்தி,
தபாலில் இங்கிலீஷ்,
கவுண்டரில் கன்னடம்.
எண்ணுவது மட்டும் எனக்கு எப்போதும் தமிழில்.
எட்டாயிரத்து அறுநூற்று நாற்பது
எந்த மொழியில் எண்ணினாலும் குறையவில்லை.

பள்ளிக்கூடம் சொந்தமாக பஸ் வாங்கியது.
பதினான்கு பிள்ளைகள் ஆறானார்கள்.
அவ்வளவுதான் கதை.
விடியற்காலையில் இப்போது பூமூட்டை ஏற்றுகிறேன்,
டியூஷன் பிள்ளைகள்
சீட்டில் சாமந்தி இதழ் பொறுக்கி
ஒருத்தர் மேல் ஒருத்தர் எறிகிறார்கள்.

டோக்கன் முப்பத்தேழு.
சட்டையில் சுமுக் என்று பெயர். என் தம்பி வயசு இருக்கும்.
"வண்டியைக் கொடுத்துடுங்க பிலோமினா மேடம்,
செட்டில்மென்ட். மீதியைத் தள்ளிடுவோம்."
தள்ள வேண்டாம் சார்.
முழுசாகக் கட்டுகிறேன், மெதுவாகக் கட்டுகிறேன் என்றேன்.
மெதுவுக்குக் கன்னடத்தில் நிதானம்.
தமிழில் அதற்கு வேறு பொருள்.
அன்றைக்கு எனக்கு இரண்டும் வேண்டியிருந்தது.

மகளின் கணக்கு நோட்டில் கிழித்த தாளை நீட்டினேன்.
பென்சில் முனை மேலிருந்து இறங்கியது:
வாடகை, கேஸ், ரேஷன், பால்.
கோவில் காணிக்கை நூறில் கொஞ்சம் நின்று
தொடாமல் தாண்டிப் போனது.
எல்லாம் போக ஐயாயிரத்து முந்நூறு.
தவணைக்கு நாலாயிரத்து ஐநூறு தருகிறேன் என்று
அடிக்கோடு போட்டிருந்தேன், இரண்டு முறை.

"மீதி எண்ணூறு?"
காய்ச்சலுக்கு.
"யாருக்குக் காய்ச்சல்?"
இன்னும் வரல சார்.

அவர் சிரிக்கவில்லை.
கால்குலேட்டரை என் பக்கம் திருப்பினார்: ஆறாயிரம்.
ரஸ்ஸல் மார்க்கெட்டில் என்றால்
மீனை வைத்துவிட்டு இரண்டடி நகர்வேன்,
பின்னாலிருந்து கூப்பிடுவார்கள்.
இங்கே நகர்ந்தாலும் கூப்பிடுவார்கள்,
இந்தியில்.
அதனால் நாற்காலியை இன்னும் கொஞ்சம்
முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

கண்ணாடி அறைக்குள் போனார் தாளோடு.
சத்தம் வரவில்லை, கைகள் மட்டும் பேசின.
மேனேஜர் தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார்.
பின்பக்கம் மகள் போட்ட பின்னம்,
மூன்றில் ஒன்று, ஆறில் இரண்டு,
இரண்டும் சமம் என்று டீச்சரின் சிவப்பு டிக்.

நாலாயிரத்து எண்ணூறு.
இருபத்தெட்டு மாதம் அறுபதாகிவிட்டது.
ஆறாம் வகுப்பில் இருப்பவள்
பதினொன்று முடிக்கும்போது கடனும் முடியும்.
வட்டி எவ்வளவு கூடும் என்று அவரே சொன்னார்,
நான் கேட்பதற்கு முன்னாலேயே.
குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னார்:
பவுன்ஸ் சார்ஜ் மூன்று தடவை ஐந்நூற்றுத் தொண்ணூறு,
தள்ளுபடி என்று எழுதி வாங்கிக்கொண்டு
அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.
எழுதி வாங்கினேன். சீல் வாங்கினேன்.
சீல் காயும்வரை தாளை மடிக்கவில்லை.

வண்டி இருந்த இடத்திலேயே இருந்தது.
ஏறி உட்கார்ந்தபோதுதான் உறைத்தது,
முந்நூறு ரூபாய் போனது காய்ச்சலில் என்று.
இனி யாருக்கு வந்தாலும்
ஐநூறுக்குள் வர வேண்டும்,
இரண்டு நாளில் இறங்க வேண்டும்,
டெஸ்ட் எழுதாத டாக்டரிடம் போக வேண்டும்.

போன் அடித்தது. அதே நம்பர்.
மூன்று மாதத்தில் முதல்முறையாக எடுத்து
கடிதத்தின் மேல்மூலை எண்ணை
ஒவ்வொன்றாக, நிதானமாக வாசித்தேன்,
தமிழில்.
அந்தப் பக்கம் ஒன்றும் பேசவில்லை.

டியூஷனுக்கு நேரமாகிவிட்டது.
லிங்கராஜபுரம் சிக்னலில்
புறங்கையைக் கழுத்தில் வைத்துப் பார்த்தேன்.
சுட்டது.
ஈக்கோவுக்கு எஞ்சின் சீட்டுக்கு அடியில்.
அதுதான், வேறொன்றுமில்லை.