ஞாயிற்றுக்கிழமை

அப்பா போன மறுமாதம்
கன்னத்தைச் சொறிந்துகொண்டே வந்து நின்றான் அண்ணன்.
முப்பத்தேழு வயது முகத்தில்
அரை விரல் தாடி.

கொள்ளி வைக்க அவனை யாரும் கேட்கவில்லை,
சித்தப்பா மகன் மொட்டை போட்டுக்கொண்டான்.
பாஸ்புக் எங்கே, பத்திரம் எங்கே,
கேஸ் புத்தகம் எங்கே,
எல்லாம் சொல்லிவிட்டுத்தான் போனார் அப்பா.
சோலையழகின் மோவாய்க் குழியில்
ரேஸரை எந்தப் பக்கம் சாய்க்கணும் என்று
சொல்லவில்லை.

செல்லூரில் எங்கள் ரோட்டில் மூன்று சலூன்.
முதல் கடையில் மிஷின் கிர்ரென்றதும்
கழுத்தில் கட்டிய துணியோடு ரோட்டுக்கு ஓடினான்.
ஷேர் ஆட்டோக்காரர் வைததை
நான் வாங்கிக்கொண்டேன்.
இரண்டாவது கடையில்
"கூட்டமில்லாத நேரமாப் பாத்துக் கூட்டியாங்க" என்றார்.
எந்த நேரம் என்றேன்.
கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.
மூன்றாவது கடைக்கு நாங்கள் போகவில்லை.

பதினெட்டு வரை ஒரு பள்ளி இருந்தது,
பசுமலைப் பக்கம். வேன் வரும்.
மெழுகுவர்த்தி ஊற்றினான், பாசி கோத்தான்,
ஆண்டு விழாவில் மரமாக நின்றான்.
பதினெட்டு முடிந்த மறுநாளும்
எட்டேகாலுக்குப் பையோடு வாசலில் நின்றான்.
பக்கத்துத் தெருவில் வேன் திரும்பிப் போகும் சத்தம்
எங்களுக்கும் கேட்டது.
பத்தொன்பது வருஷமாச்சு.
இன்னமும் எட்டேகாலுக்கு
கொஞ்ச நேரம் நிற்கிறான்.

கலெக்டர் ஆபீஸ் முகாமில்
அட்டையில் இருந்தது பன்னிரண்டு வயதுப் பையன்.
"இது இவருதான்னு எப்படிம்மா நம்புறது?
ஷேவ் பண்ணி, காது தெரிய,
புதுப் போட்டோ கொண்டாங்க."
அந்தம்மாவைக் குறை சொல்ல மாட்டேன்,
எங்களுக்குப் பின்னால் நூறு பேர்.
எழுபது வயது அம்மாக்கள்,
அவர்கள் தோளைப் பிடித்தபடி நரைத்த பிள்ளைகள்.
உங்களுக்கு அப்புறம் யார் என்று
யாரும் யாரையும் கேட்கவில்லை.
பேனா இருக்கா என்றுதான்
கேட்டுக்கொண்டோம்.

கீழமாசி வீதி மளிகைக் கடையில் எனக்குப் பில் போடுகிற வேலை.
ஒன்பதரைக்குப் பூட்டிவிட்டுப் போவேன்.
மத்தியானம் ஓடிவந்து திறந்து, சோறு போட்டு,
திரும்பப் பூட்டுவேன்.
பூட்டு என்ற வார்த்தையை வெளியில் சொல்வதில்லை.
வீட்ல இருக்கான் என்பேன்.

இந்த ஞாயிறு அவனே
அப்பாவின் பிளாஸ்டிக் கப்பை எடுத்துவந்தான்.
துண்டைப் போர்த்திக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தான்.
அண்ணன் முகத்தை இத்தனை கிட்டத்தில் நான் பார்த்ததில்லை.
காதோரம் நரை, எப்போது வந்ததோ.
மோவாயில் வெட்டிவிட்டேன்.
கத்துவான் என்று நான் கண்ணை மூட,
அவன் படிகாரத்தை எடுத்து நீட்டினான்.

அப்புறம் எழுந்து
என்னை முக்காலியில் உட்காரவைத்தான்.
பிரஷை நனைத்தான்.
அவனுக்கு அடுத்து அப்பா,
ஞாயிறென்றால் அப்படித்தான்.
கன்னம், மேலுதடு, கழுத்து,
ஓர் இடம் விடாமல் நுரை அப்பினான்.
கண்ணாடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு
காத்திருந்தான்.

பிளேடைக் கழற்றி வைத்துவிட்டு
வெறும் ரேஸரால் வழித்தேன்,
மேலிருந்து கீழே, அப்பா மாதிரி
வாயை ஒரு பக்கம் கோணிக்கொண்டு.
அவனும் கோணினான்.

நாளைக்குப் போட்டோ எடுக்கணும்.
லீவு கேட்கணும், இந்த மாதத்தில் நாலாவது.
எட்டேகாலுக்கு அவன் வாசலில் நின்று முடிக்கட்டும்,
பிறகு கிளம்பலாம்.