கதவு – ஒன்று

லீ பஜார் பார்சல் ஆபீஸில்
என்ன பெயர் போடுவதென்று
தங்கவடிவேலுக்குத் தெரியவில்லை.
ஒன்பதடி நீளம். மேலே சாக்கு.
அடியில் சுறாவுக்கு இருப்பது மாதிரி ஒன்று.
இஸ்திரி மேசையா என்றார்.
படகா என்றார், சேலத்திலயா என்று தானே சிரித்தார்.
கடைசியில் ரசீதில் எழுதினார்:
கதவு – 1. உடைந்தால் கம்பெனி பொறுப்பல்ல.

அங்கே வைத்திருந்த ஷெட்டை இடித்துவிட்டார்கள்.
அதனால் பலகை இங்கே, கடல் அங்கே.
கோரிமேட்டில் மூன்றாம் மாடி, ஒற்றை அறை.
இருக்கிற கதவுக்குப் பக்கத்தில்
எங்கும் திறக்காத இன்னொன்று.
மெழுகு வாசனைக்கு எறும்பு வருகிறது.
வீட்டுக்காரர் வாடகைக்கு வரும்போதெல்லாம்
அதை விரலால் தட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்.

கிழக்கே ஐந்து மணி நேரம்.
கடற்பாலத்தின் தெற்குப் பக்கம் மணல் மேடு,
அலை அதில் தடுக்கித்தான் விழும்.
தூண்களை ஒட்டி ஒரு நீரோட்டம் வெளியே போகிறது,
கை போடாமலே கூட்டிப்போகும்,
டிக்கெட் இல்லாத பஸ்.
இறங்கும் இடம் மட்டும் தெரிந்திருக்க வேண்டும்.
தூணெல்லாம் சிப்பி. உரசினால் தோல் மிஞ்சாது.
மேலே தூண்டில்காரர்கள். அதில் செங்கேணி
முதல் நாளே கத்தினார்:
"டேய், தூணைப் பாக்காத!
எதப் பாக்குறியோ அங்கதான் போய் மோதுவ.
என் நரம்ப அறுத்தே, மேல வந்துராத!"
அன்று மூன்று முறை தூணையே பார்த்தேன்.
தோளில் தழும்பு இருக்கிறது.
நரம்பும் அறுந்தது, காசு கொடுத்தேன்.

எழுந்து நிற்கிற நொடியைச் சொல்லு என்கிறார்கள்.
பின்னங்கால் கனம், முன்னங்கால் பொய்.
அவ்வளவுதான் வருகிறது எனக்கு.
நான்கு எண்ணுவதற்குள் முடிந்துவிடும்.
அந்த நான்குக்காக
மாதம் முழுக்கப் பால் ஏற்றலாம்.

ஏற்றுகிறேன். விடிகாலை நாலரை, அடிவாரம்.
அறுபது டப், இருபது கொண்டை ஊசி.
பாதி மலை வரை சேலத்து விளக்குகள்
பக்கக் கண்ணாடியில் கூடவே வரும்.
பிறகு மூட்டம்.
அது சீராக வருவதில்லை.
சும்மா இருக்கும், சும்மாவே இருக்கும்,
திடீரென்று மூன்று நான்காகச் சேர்ந்து வரும்,
சில்வர் ஓக் இடுப்பளவு, கழுத்தளவு,
அப்புறம் மரம் இருந்ததாகவே ஞாபகமில்லை.
கிளீனர் ஜோதிவேல் வாயைத் திறந்து தூங்குவான்.

போன மார்கழி, பதினேழாவது வளைவில்
சாலை நடுவே ஒரு காட்டெருமை.
கருந்தூண். முழங்காலுக்குக் கீழே வெள்ளை,
நுரை அடித்துவிட்டுப் போன இடம் போல.
நான் அதைப் பார்க்கவில்லை.
தப்பு: பார்த்தேன், பிறகு பார்க்காமல் இருந்தேன்.
அதற்கும் தடுப்புச் சுவருக்கும் நடுவில்
ஒரு வண்டி அகலத்துக்கு இருட்டு இருந்தது,
அதைப் பார்த்தேன்.
முதலில் இடுப்பு திரும்பியது. பிறகுதான் ஸ்டீயரிங்.
அறுபது டப்பும் ஒரு பக்கம் சரிந்து,
யோசித்து, மறுபக்கம் வந்தன.
"என்னண்ணே?" என்றான் ஜோதிவேல்.
ஒன்றுமில்லை என்றேன்.
பின்னால் ஏதோ சொட்டிக்கொண்டே வந்தது.

ஏற்காட்டில் எண்ணியபோது
பதினாறு பாக்கெட் போயிருந்தது.
சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள்.
ஆனால் வண்டியின் தகரத் தரையில் அந்தப் பால்
பின்கதவு விளிம்பு வரை நுரைத்து வந்து,
மோதி, உடைந்து,
உள்ளே திரும்பிப் போனதை
டீ ஆறும் வரை நின்று பார்த்தேன்.
ஏரியில் படகுகளைச் சங்கிலியில் கட்டியிருந்தார்கள்.
தண்ணீர் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் கிடந்தது.

ராத்திரி அறையில்
துடுப்பைக் கழற்றிப் பலகையைத் தரையில் போட்டு
ஏறி நின்றேன்.
மின்விசிறி தலைக்கு ஓரடி மேலே.
கால் வைத்த இடத்தில் மெழுகு இன்னும் பிடித்தது.
ஒன்று. இரண்டு.
கீழ்வீட்டில் யாரோ
விளக்குமாற்றுக் கட்டையால் கூரையைத் தட்டினார்கள்,
பலகை லேசாக அதிர்ந்தது.
நான் இறங்கவில்லை.