போ, வா

இரவு ஒன்றரை. சேன்-பியேரில்
ஆய்வகத்துக் குளிர்பெட்டி மட்டும் முனகுகிறது.
எலி மூளையின் சீவல் ஒன்று,
சுண்டுவிரல் நகம்கூட அதைவிடப் பெரிது,
முப்பத்தேழு பாகைச் சூட்டில் உயிரோடிருக்கிறது.

திரவ அறையின் சுவரில் பிறந்த செல்கள்
ஒன்றன் முதுகை ஒன்று பற்றிக்கொண்டு
மூக்கின் பக்கம் போகின்றன.
நடை என்று சொல்ல முடியாது.
முன்னால் ஓர் இழை நீளும், தடவும், தயங்கும்;
பிறகுதான் உட்கரு ஒரே இழுப்பில் வந்து சேரும்,
மாடிப்படியில் சூட்கேஸ் ஏற்றுகிறவர் மாதிரி.

கண் இல்லை. வழி கேட்க வாய் இல்லை.
பின்னாலிருந்து ஸ்லிட் கசிந்து
போ என்கிறது.
முன்னாலிருந்து நெட்ரின்,
வழிநடத்துபவனுக்கான வடசொல்லைப் பெயரில் வைத்திருப்பது,
வா என்கிறது.
எங்கே அடர்த்தி கூடுகிறதென்று
தோலாலேயே முகர்ந்து முகர்ந்து...
போய்ச் சேர்ந்தபின் அவை ஆகப்போவதும்
முகரும் நரம்புதான்.

பக்கத்து மேசை ஜிஸ்லேன் வய்த்திலிங்கோம்
போன வருடக் காய்ச்சலில் வாசனையைத் தொலைத்தவள்.
காலைதோறும் வனிலாக் குப்பியைத் திறந்து
பத்து எண்ணும்வரை மூக்கருகே பிடிப்பாள்.
"இன்றைக்கு?"
"கண்ணாடி வாசனை" என்பாள், மூடியைத் திருகியபடி.
கோயிலில் கேட்ட நாலைந்து சொல்தான் அவள் தமிழ்.
இந்த இரண்டையும் என்னிடம் வாங்கி
குழாய்களில் எழுதி ஒட்டியிருக்கிறாள்,
வா-வுக்குக் கால் போட மறந்து.

கப்பலோடு ஒப்பிடாதே என்றவளும் அவள்தான்.
"எங்கள் ஆட்களைத் தரகன் பொய் சொல்லி ஏற்றினான்.
வேதிப்பொருளுக்குப் பொய் தெரியாது."

நேற்று மாலை
கடுகைவிடச் சிறிய மணி ஒன்றை
நெட்ரினில் ஊறவைத்து
சீவலின் தப்பான கரையில் வைத்தவன் நான்.

திரையில் வரிசை உடைகிறது.
ஒரு செல் இழையைத் திருப்புகிறது,
அதன் பின்னால் இரண்டு.
விடிவதற்குள் நாற்பத்தொன்று வந்துவிட்டன.
மணியைச் சுற்றி நிற்கின்றன.
ஆவதற்கு அங்கே ஒன்றுமில்லை.

படம் துல்லியமாக வந்திருக்கிறது.
குறிப்பேட்டில் 'ஈர்ப்பு உறுதி' என்று எழுதினேன்.
கையெழுத்துப் போடும் இடத்தில்
பேனா கொஞ்சம் நின்றது.

ஏழு மணிக்கு ஜிஸ்லேன் வந்தாள்.
சன்னலுக்குக் கீழே, வெட்டிய கரும்போடு
ஒரு லாரி மேடேறிப் போனது.
அவள் தலை திரும்பியது.
சத்தத்துக்கா என்று நான் கேட்கவில்லை.